ரெண்டு நிமிஷ வேலை

வாய் நிறைய நுரையும் கையில் பல் துலக்கும் பிரஷ்ஷுமாக, ஒரு சனிக்கிழமை காலை ஏழே காலுக்கு, கூரைக்காரர் மகத்தான ஒரு முடிவுக்கு வந்தார். இன்றைக்குக் கூரை மேல் ஏறியே தீருவது. மனைவிக்குத் தெரியாமல்.

முடிவின் முதல் பாதி பெரிய விஷயமில்லை. முப்பது வருடம் ஊரிலுள்ள சாய்வுக் கூரைகளுக்கெல்லாம் ஓடு வேய்ந்தவர் அவர். கூரை மேல் அவர் நடக்கிற நடையைப் பார்த்துப் பூனைகள் வெட்கப்பட்டு இறங்கிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. இரண்டாம் பாதிதான் சிரமம். அந்த வீட்டில் மனைவிக்குத் தெரியாமல் தும்மக்கூட முடியாது. மூக்கு அரிக்கும்போதே கைக்குட்டை வந்துவிடும்.

சங்கதி இதுதான். வீடு ஒழுகிற்று.

ஒழுகல் என்றால் பிரளயம் ஒன்றும் இல்லை. பின்பக்கக் கூரையில், முகட்டுக்குக் கொஞ்சம் கீழே, எங்கோ ஓர் ஓடு விரிசல் விட்டிருந்தது. மழை பெய்தால் சொட்டு ஒன்று நூல் பிடித்த மாதிரி இறங்கி, சாப்பாட்டு மேஜையருகே விழும். மேஜையைச் சுற்றி நாலு நாற்காலி. சொட்டு எந்த நாற்காலியில் வேண்டுமானாலும் விழுந்திருக்கலாம். அது சுவரோரத்து நாற்காலியைத் தேர்ந்தெடுத்தது.

அது அவருடைய தம்பியின் நாற்காலி.

தம்பியும் தம்பி மனைவியும் மூன்று தெரு தள்ளி இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு இங்கேதான். அண்ணன் பேசுவார், தம்பி கேட்பான். எதைச் சொன்னாலும் அவனிடமிருந்து ஒரு 'ம்' வரும். அந்த 'ம்'மை வைத்துக்கொண்டு இருபத்தைந்து வருடம் இருவரும் சேர்ந்து தொழில் செய்தார்கள். அவன் போய் இரண்டு வருடம் ஆகிறது. மனைவி அந்த நாற்காலி மேல் ஒரு எனாமல் பேசினை வைத்திருந்தாள். மழை நாளில் இவர் சாப்பிட உட்கார்ந்தால், தொண்டையைக் கனைத்தால், தண்ணீர் கேட்டால், எதிரே நாற்காலியிலிருந்து பதில் வரும். டொக்.

நாலு மழை பார்த்தார். ஐந்தாவது மழைக்குச் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

"யாராவது ஆளைக் கூப்பிட்டு மாத்தச் சொல்றேன்," என்றாள் மனைவி.

"கூரைக்காரன் வீட்டுக்கு வெளி ஆளா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே. நம்ம வீட்டுலதான் யாரும் சிரிக்கக் காணோம்."

"நானே ஏறி மாத்திடறேன்."

"தாராளமா. பெல்ட்டை மாட்டிக்கிட்டு ஏறுங்க."

"எனக்கா? பெல்ட்டா?"

"பேண்ட்டுக்குப் போடற பெல்ட் இல்லை. உடம்பு முழுக்க மாட்டற பெல்ட். கட்டிலுக்குக் கீழ பெட்டியில இருக்கே, அது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போட்டுக்கிட்டா ஏறுங்க. இல்லாட்டி ஒழுகட்டும்," என்று சொல்லிவிட்டு அவள் பேசினைக் கவிழ்த்துத் துடைத்தாள்.

பெட்டியில் இருந்தது தம்பியின் பெல்ட். அந்த வீட்டில் இருந்த ஒரே பெல்ட் அதுதான். அண்ணன் ஒருநாளும் போட்டதில்லை. தம்பி ஒருநாளும் போடாமல் இருந்ததில்லை. அதனாலேயே அவனுக்குக் 'கயிறு' என்று பெயர் வைத்தவர் அண்ணன்தான். ஏணியை நாலடி உயரத்துக்கு ஓரடி தள்ளிச் சாய்ப்பான். ஏணித் தலையைக் கூரையோடு சேர்த்துக் கட்டுவான். கூரை விளிம்புக்கு மேலே மூன்று படி நீட்டிக்கொண்டு நிற்கிறதா என்று எண்ணுவான். பரண் வழியாக உள்ளே போய், முகட்டு உத்திரத்தைச் சுற்றிக் கயிறு போட்டு, ஓர் ஓட்டை நகர்த்தி அந்தச் சந்தில் கயிற்றை வெளியே விடுவான். புகைபோக்கியில் கட்டிவிடலாமே என்றால் ஒத்துக்கொள்ளமாட்டான். 'நான் விழுந்தா அதுவும் கூடவே வரும்' என்பான். அவன் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். இத்தனையும் முடிவதற்குள் அண்ணன் அரை வரிசை ஓடு வேய்ந்து முடித்திருப்பார். மேலிருந்து கூப்பிடுவார். "என்னடா கயிறு, கல்யாணத்துக்கு அலங்காரம் ஆச்சா?"

அந்தக் கயிறுதான் விழுந்தான். கட்டாத ஒரே ஒரு நாளில்.

எப்படி என்று கேட்டவர்களுக்கெல்லாம் கூரைக்காரர் ஒரே வாக்கியம் சொன்னார்: "அவனா ஏறினான்." யாரும் சொல்லாமல், தானாகவே ஏறினான் என்று அர்த்தம். விசாரிக்க வந்த அதிகாரிக்கும் அதையே சொன்னார். தம்பி மனைவியிடமும் அதையேதான். அதன் பிறகு அவர் கூரை ஏறவில்லை. ஓட்டுக் கிடங்கில் ஒரு வேலை தேடிக்கொண்டார். ஒவ்வோர் ஓடாக எடுத்து விரலால் சுண்ட வேண்டும். நல்ல ஓடு கணீரென்று பேசும். விரிசல் விட்டது பொத்தென்று முனகும். நாள் முழுக்கச் சுண்டிவிட்டு வீட்டுக்கு வந்து, 'அவனா ஏறினான்' என்ற வாக்கியத்தை மனதுக்குள் சுண்டிப் பார்ப்பார். இரண்டு வருடத்தில் ஒருநாளும் அது கணீரென்று பேசியதில்லை.

தம்பி மனைவி வீட்டுக்கு வந்தால் இவர் பின்பக்கக் கதவு வழியாகக் கிடங்குக்குப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை கிடங்கு பூட்டியிருக்கும். இருந்தாலும் போவார். பூட்டைப் பார்த்துவிட்டு வருவார்.

எனவே அந்தச் சனிக்கிழமை அவர் போட்ட திட்டத்துக்கு ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தார்.

"நீ ஒரு எட்டு அவ வீட்டுக்குப் போய்ட்டு வாயேன்."

"எவ வீட்டுக்கு?"

"உன் ஓரகத்தி வீட்டுக்குத்தான்."

மனைவி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "உடம்பு நல்லாத்தானே இருக்கு உங்களுக்கு?"

"எனக்கென்ன? பாவம், தனியா இருக்காளே. பேச்சுத்துணையா இரு. அவசரப்பட்டு வரணும்னு இல்லை. சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டு வா."

"மத்தியானம் உங்களுக்குச் சாப்பாடு?"

"ரொட்டி இருக்கு."

"ரொட்டி எங்க இருக்குன்னு தெரியுமா?"

"தேடிக்கறேன். அதுவும் ஒரு வேலைதானே."

"சரி," என்றாள்.

அவர் எட்டு வாதங்கள் தயார் செய்து வைத்திருந்தார். செலவானவை மூன்று. மீதி ஐந்தும் வாயிலேயே நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. இவ்வளவு சுலபமாக அவள் 'சரி' என்று சொன்னது அவர் வாழ்க்கையில் இது இரண்டாவது தடவை. முதல் தடவை பெண் பார்த்தபோது. அந்தச் 'சரி'யின் விளைவுகளை ஒரு கணம் யோசித்திருந்தால் அவர் அன்றைக்குக் கூரைப் பக்கமே போயிருக்கமாட்டார்.

யோசிக்க வேண்டியவை இன்னும் இருந்தன. நாலு சனிக்கிழமையாக அவள் பின்னல் வகுப்பு என்று போய் வந்தாள். ஒரு குல்லாய்கூடப் பின்னி வரவில்லை. வீட்டில் பழகுகிறேன் என்று நாற்காலிக் கால், ஜன்னல் கம்பி, மேஜைக் கால் என்று பார்த்த இடமெல்லாம் முடிச்சுப் போட்டு வைத்தாள். "கம்பளி நூல் இவ்வளவு கனமாவா இருக்கும்?" என்று ஒரு தடவை கேட்டார். "குளிர் நாட்டு நூல்," என்றாள். நம்பினார்.

வாசல்வரை வந்து வழியனுப்பியபோது அவர் கண் பழக்கத்தால் மேலே போயிற்று. முன்பக்கக் கூரையில், முகட்டையொட்டி, ஓர் ஓடு லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது.

"என்னது, அந்த ஓடு நகர்ந்திருக்கு?"

"பூனை."

"பூனை ஓட்டைத் தூக்குமா?"

"நம்ம தெருப் பூனையைப் பத்தி உங்களுக்குத் தெரியாது."

வேறொரு நாளாக இருந்தால் ஓட்டைப் பற்றி அரை மணி நேரம் வகுப்பு எடுத்திருப்பார். இன்றைக்கு அவள் தெருமுனை திரும்பினால் போதும் என்றிருந்தது. பூனையைப் பூனையிடமே விட்டுவிட்டார்.

பின்பக்கம் போய் ஏணியைச் சாய்த்தார். ஓட்டில் இன்னும் ஈரம் காயவில்லை. பாசி பச்சையாக மினுங்கிற்று. தம்பியாக இருந்தால் பத்து மணிவரை கீழேயே உட்கார்ந்திருப்பான். ஏணித் தலையைக் கட்ட வேண்டும் என்று கைக்குத் தோன்றியது. 'ரெண்டு நிமிஷ வேலை' என்று கைக்குச் சொன்னார். சொன்ன பிறகு அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றார்.

மாற்று ஓட்டை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு ஏறினார். பத்தாவது படியில் முழங்கால் தந்தியடித்தது. யாருடைய முழங்கால் என்று குனிந்து பார்த்தார். அவருடையதுதான்.

"என்ன சார், மேல போறீங்களா?"

பக்கத்து வீட்டு விசில். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். கழுத்தில் இன்னும் விசில் தொங்கும். குளிக்கும்போது கழற்றுவாரா என்பது தெருவில் தீராத சந்தேகம். வேலிக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சும்மா."

"சும்மாவா மேல போவாங்க? வீட்டுல அம்மா இல்லையா?"

"இல்லை. நீங்க எதுவும் சொல்லிக்க வேண்டாம்."

"நான் ஏன் சார் சொல்றேன்? வாயைத் திறக்கமாட்டேன்," என்றவர் வாயில் விசிலை வைத்து இரண்டு முறை ஊதினார். தெருக்கோடிவரை கேட்டிருக்கும்.

"எதுக்கு இது?"

"பழக்கம் சார். யாராவது ஏறினா ரெண்டு அடிச்சுடுவேன்."

கூரை மேல் கால் வைத்ததும் உலகம் சாய்ந்தது. கூரைதான் சாய்வு என்று தனக்குத் தானே நினைவூட்டிக்கொண்டார். நடக்கவில்லை. தவழ்ந்தார். முப்பது வருடம் நடந்த மனிதர், முட்டி போட்டு, ஓட்டின் கீழ்நுனி பார்த்துப் பார்த்து, குழந்தை மாதிரி ஊர்ந்து முகட்டுக்குக் கீழே போய்ச் சேர்ந்தார். விரிசல் ஓட்டைக் கண்டுபிடித்தார். முடி இழை கனத்துக்கு ஒரு கோடு. கை நீட்டினால் எட்டும். கையை நீட்ட வேண்டுமென்றால் முகட்டு ஓட்டைப் பிடித்திருக்கும் கையை விட வேண்டும். அந்தக் கை விடமாட்டேன் என்றது.

அப்படியே குப்புறக் கிடந்தார். இறங்கவும் முடியவில்லை. கன்னத்தில் பாசி ஒட்டியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழே தரையைப் பார்க்கத் தோன்றியது. பார்த்தால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் போகவில்லை அது. கொஞ்சம் தங்கியது.

முகட்டுக்கு அந்தப் பக்கம் ஏதோ உரசிற்று.

பெரிய இரும்புக் கொக்கிகள் இரண்டு முகட்டைத் தாண்டி வந்து இந்தப் பக்கம் 'நறுக்'கென்று கவ்விக்கொண்டன. முகட்டில் மாட்டிக் கூரை மேல் படுக்கவைக்கும் கூரை ஏணியின் கொக்கிகள். அடுத்து ஐந்து விரல்கள். இன்னும் ஐந்து விரல்கள். கடைசியாக மனைவியின் தலை.

"என்னங்க, சாப்டீங்களா?"

பல்ப் மாற்ற ஸ்டூல் மேல் ஏறினாலே கண்ணை இறுக மூடிக்கொள்கிறவள் அவள். அவருடைய பழைய மழைக்கோட்டைக் கழுத்துவரை பொத்தானிட்டுப் போட்டிருந்தாள். மழையே இல்லையே, மழைக்கோட்டு எதற்கு என்று அப்போது அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"நீ... நீ எங்க வந்தே இங்க?"

"உங்களைப் பார்க்கத்தான். வீட்டுல காணோம். சரி, மேல இருப்பீங்கன்னு வந்தேன்."

"இறங்கு! இல்லை, அசையாதே! இறங்காதே!"

"ஒண்ணைச் சொல்லுங்க. மூணையும் ஒரே நேரத்துல எப்படிச் செய்யறது?"

"கெட்டியாப் பிடிச்சுக்கோ. ரெண்டு கையாலயும். கீழ பார்க்காதே."

"இப்படியா?" என்று கேட்டு, ஒரு கையை எடுத்து நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள்.

அவர் போட்ட கத்தலில் விசில் தண்ணீர் வாளியைக் கீழே வைத்தார்.

"ஏன் கத்தறீங்க? பயமா இருக்கா?"

"உசிரே போகுது எனக்கு!"

"நிக்கறது நான். உங்களுக்கு ஏன் போகணும்?"

"நீ விழுந்தா..."

"சொல்லுங்க. விழுந்தா?"

அவர் முகட்டு ஓட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"இப்ப எவ்வளவு நேரமாச்சு நான் வந்து? ஒரு நிமிஷம் இருக்குமா?" அவள் குரல் இறங்கியது. கேலி போய்விட்டது. "நான் முப்பது வருஷம் இப்படி நின்னேன். அடுப்பு முன்னால. சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்க கதவைத் தட்டற வரைக்கும். தட்டினதும் என்ன கேட்பேன்?"

"சாப்டீங்களான்னு."

"அதுக்கு என்ன அர்த்தம்னு இப்பவாவது தெரிஞ்சுதா?"

அவர் கன்னத்தை ஓட்டில் வைத்துக்கொண்டார். பாசி குளிர்ச்சியாக இருந்தது.

அவள் அந்தப் பக்கமிருந்து எதையோ இழுத்து முகட்டின் மேல் போட்டாள். வெளுத்துப் போன ஆரஞ்சு நிறப் பட்டிகள். இரும்புக் கொக்கி. தோள் பட்டியில் எண்ணெய்க் கறை. அவர் நெருப்பைக் கண்ட மாதிரி பின்வாங்கினார். பின்வாங்க இடமில்லாத இடத்தில்.

"இதைப் போட்டுக்கோங்க. அப்பதான் நான் இறங்குவேன்."

"அதை எடுத்துடு."

"போட்டுக்கோங்க."

"வேற எது வேணாலும் சொல்லு. அதை என்னால தொட முடியாது."

"ஏன் முடியாது? உங்க தம்பியோடதுதானே?"

"அதான் முடியாது."

"அப்ப நானும் இங்கேயே இருக்கேன். காத்து நல்லா வருது." மறுபடியும் ஒரு கையை எடுத்தாள்.

"கையை வை! வை! சொல்றேன்!"

அவர் சொன்னார். முகத்தை நிமிர்த்தாமல், ஓடுகளிடம் சொல்கிற மாதிரி சொன்னார்.

"அன்னைக்கு வேலை முடிஞ்சாச்சு. கயித்தை அவுத்தாச்சு. பெல்ட், கயிறு எல்லாம் வேனுக்குள்ள போட்டு, அதுக்கு மேல மிச்ச ஓட்டை அடுக்கிக் கதவைச் சாத்தியாச்சு. வீட்டுக்கார அம்மா அண்ணாந்து பார்த்து, அந்த மூலை ஓடு ஒண்ணு கோணலா இருக்கேன்னாங்க. அவன் வேன் கதவைத் திறக்கப் போனான். நான்தான்..." நிறுத்தினார். "நான்தான் சொன்னேன். விடுடா, ரெண்டு நிமிஷ வேலை, அதுக்கு யாரு எல்லாத்தையும் இறக்கறதுன்னு. 'ம்'னான். ஏறினான். லேசாத் தூறியிருந்தது. நான் கீழ டீ குடிச்சுக்கிட்டு நின்னேன். அவன் விழுந்த அப்புறமும் கப்பு என் கையிலயே இருந்தது. ஒரு சொட்டு சிந்தலை."

எங்கோ ஒரு வண்டி போகும் சத்தம் கேட்டுத் தேய்ந்தது.

"எல்லார்கிட்டயும் அவனா ஏறினான்னு சொல்லிட்டேன். அவகிட்டயும்."

மனைவி அவரைப் பார்க்கவில்லை. தன் பக்கத்தில், கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே பார்த்தும் அவள் கண்ணை மூடவில்லை என்பது அவருக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

"மாமா," என்று கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

அவர் தலையைத் தூக்கினார். "யாரு?"

"ஏணியைப் பிடிச்சுக்கிட்டு இருக்கா," என்றாள் மனைவி. "நான் என்ன தனியாவா ஏறுவேன்?"

"எனக்குத் தெரியும் மாமா." தம்பி மனைவியின் குரல் நிதானமாக இருந்தது. "வேன் கதவைத் திறக்கப் போனப்ப அவரு என்கிட்டதான் ஃபோன்ல பேசிக்கிட்டு இருந்தாரு. நீங்க சொன்னது எனக்கும் கேட்டுச்சு. ரெண்டு நிமிஷத்துல கிளம்பிடறோம்னு சொல்லிட்டு ஃபோனை வச்சாரு."

"தெரிஞ்சு... ரெண்டு வருஷமா ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். நீங்கதான் நான் முன்வாசல்ல வந்தா பின்வாசல்ல போயிடறீங்களே."

"அம்மாடி, என்னை நீ..."

"அதெல்லாம் கீழ வந்து பேசிக்கலாம் மாமா. எனக்கு இப்ப அழணும்னா ஏணியை விடணும். விட முடியாது." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. "முதல்ல பெல்ட்டை மாட்டுங்க. கொக்கி விழற சத்தம் எனக்கு இங்க கேக்கணும்."

அதற்கு மேல் அவரால் மறுக்க முடியவில்லை.

மனைவி ஒரு கயிற்று நுனியை நீட்டினாள். முதலில் அதை அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். கட்டிய வேகத்தைப் பார்த்து அவருக்கு மலைப்பாக இருந்தது. அப்புறம் அவரைக் குதிரையில் உட்காருகிற மாதிரி முகட்டின் இரு பக்கமும் காலைத் தொங்கவிட்டு உட்காரச் சொன்னாள். பெல்ட்டைக் கையில் எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார். எண்ணெய்க் கறையை விரலால் தடவினார். பிறகு தலையை ஒரு வளையத்துக்குள் நுழைத்தார்.

"அது காலுக்கு."

"இது?"

"அதுவும் காலுக்கு. உங்களுக்கு ரெண்டு கால் இருக்கே."

"எல்லாப் பட்டியும் ஒரே மாதிரி இருக்கு."

"நெஞ்சுப் பட்டி முறுக்கிக்காம இருக்கான்னு பாருங்க அக்கா," என்றது கீழ்க் குரல்.

"மனுஷனே முறுக்கிக்கிட்டு இருக்காரு. பட்டியை எங்க பார்க்கறது?"

கடைசியில் கொக்கி கயிற்றில் மாட்டியது. 'டக்.' நல்ல ஓட்டைச் சுண்டின மாதிரி கணீரென்று இருந்தது. கீழே யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

"ஆச்சு," என்றார் கூரைக்காரர். "இப்ப நீ மெதுவா இறங்கு. ஒவ்வொரு படியா. தாயே, மெதுவா."

மனைவி கூரை ஏணியில் நன்றாக நிமிர்ந்து நின்றாள். மழைக்கோட்டின் பொத்தான்களை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகக் கழற்றினாள். உள்ளே மஞ்சள் நிறத்தில் புத்தம் புது பெல்ட். பட்டிகள் முறுக்கிக்கொள்ளாமல் படிந்து கிடந்தன. முதுகிலிருந்து ஒரு கயிறு தளர்வில்லாமல் ஓடி, தூக்கிக்கொண்டிருந்த ஓட்டின் சந்துக்குள் போய் மறைந்தது. அவர் கயிறும் அதே சந்துக்குள்தான் போயிற்று.

அவர் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"நீ கட்டியிருந்தியா?"

"ஏணி உச்சிக்கு வந்ததுமே கட்டியாச்சு."

"அப்ப இவ்வளவு நேரமும்..."

"கட்டாம இருந்தது நீங்க ஒருத்தர்தான்."

பூனை ஓட்டைத் தூக்காது என்று முப்பது வருட அனுபவம் அப்போதுதான் வாயைத் திறந்தது. தம்பி மனைவி ஏணியும் கயிறும் வாடகைக்கு விடும் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள் என்பதும், அங்கே திரும்பி வரும் பெல்ட்டுகளைத் தையல் தையலாகப் பார்த்துப் பிரித்து வைப்பது அவள் வேலை என்பதும், அந்தக் கடையின் பின்னால் ஒரு சாய்வுக் கொட்டகை இருக்கிறது என்பதும், பின்னல் வகுப்பு அந்தக் கொட்டகையின் மேல்தான் நடந்தது என்பதும் ஒவ்வொன்றாக விளங்கின. விசில் ஏன் இரண்டு முறை ஊதினார் என்பதும் விளங்கியது; இவர் ஏறியாயிற்று என்ற சைகை அது. மனைவி தெருமுனை திரும்பியபோது அங்கே தம்பி மனைவி கைவண்டியில் இரண்டு ஏணிகளோடு காத்திருந்தாளாம்.

தன் இடுப்பிலிருந்த முடிச்சைப் பார்த்தார். இரட்டை வளையம், நுனியை உள்ளே திருப்பிச் செருகியிருந்தது. தம்பி போடுகிற முடிச்சு. அவனைத் தவிர யாரும் அப்படிப் போட்டு அவர் பார்த்ததில்லை. அவன் அதைத் தன் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான்; அவள் இவளுக்கு. அவரிடம் சொல்ல வந்தபோதெல்லாம் அவர் சிரித்திருக்கிறார்.

புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. ஓட்டில் இன்னொன்று. வானம் எப்போது இருட்டியது என்று மூவருமே கவனிக்கவில்லை.

"ஓட்டை மட்டும் மாத்திடறேன், ரெண்டு..." என்று ஆரம்பித்தவர், அந்த வார்த்தையை வாயிலேயே வைத்திருந்தார். பிறகு விழுங்கினார். "இறங்கலாம்," என்றார்.

முப்பது வருடத்தில் ஒரு வேலையை முடிக்காமல் அவர் கூரையை விட்டு இறங்கியது அன்றைக்குத்தான். விசில் வேலியோரம் ஓடி வந்து, நிறுத்தத்துக்கு அடிப்பது போல ஒன்று ஊதினார்.

கீழே தம்பி மனைவி இரண்டு பேரின் காலும் தரையில் படும்வரை ஏணியை விடவில்லை. விட்டபோது உள்ளங்கைகளில் ஏணியின் விளிம்பு சிவப்பாகப் பதிந்திருந்தது. அந்தக் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு, சொன்னபடியே, அப்போது அழுதாள். மழை வலுத்தது. கூரைக்காரர் பெல்ட்டோடு அவள் எதிரே நனைந்துகொண்டு நின்றார். இந்த முறை அவர் கையில் ஒன்றும் இல்லை.

உள்ளே வந்து மேஜையைச் சுற்றி மூவரும் உட்கார்ந்தார்கள். நாலாவது நாற்காலியில் பேசின் உட்கார்ந்தது. மனைவி ரொட்டியை எடுத்து வைத்தாள். அது இத்தனை நேரமும் மேஜை மேலேயே, மூடிக்குக் கீழே இருந்தது.

அவர் நெஞ்சுப் பட்டியை இழுத்தார். வரவில்லை. அமுக்கினார். திருகினார். பல்லால் கடித்துப் பார்த்தார்.

"இதை எப்படிக் கழட்டறது?"

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது தம்பி மனைவி. அழுத முகத்தோடு, வாயில் ரொட்டியோடு, புரையேறும்வரை சிரித்தாள். அந்தச் சத்தத்தை அந்த அறை மறந்தே போயிருந்தது.

"முப்பது வருஷம் கூரைக்காரரு," என்றாள் மனைவி அவள் தலையில் தட்டிக்கொண்டே.

"கழட்டி விடேன்."

"எதுக்கு? வெயில் வந்ததும் மறுபடி மாட்டணும். உங்க ரெண்டு காலையும் இன்னொரு தடவை தேட என்னால ஆகாது."

டொக், என்றது நாற்காலி.

சிரிப்பு மெல்ல அடங்கியது. தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"இப்பச் சொல்லுங்க மாமா. அன்னைக்குக் காலையிலேர்ந்து. அவரு என்ன பேசினாரு, என்ன சாப்பிட்டாரு, எல்லாம். ஒண்ணையும் விடாம."

அவர் தண்ணீர் குடித்தார். டம்ளரைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மெல்ல எழுந்தார்.

"பின்னால ஏணி நனையுது. எடுத்துப் போட்டுட்டு வந்துடறேன். ரெண்டே நிமிஷம்."

பின்பக்கக் கதவை நோக்கி இரண்டடி வைத்தார். மூன்றாவது அடி விழவில்லை. முதுகுக் கொக்கியிலிருந்து கயிறு விறைத்துக்கொண்டு நின்றது. அதன் மறுமுனை மேஜைக் காலில், இரட்டை வளையமாக, நுனி உள்ளே செருகி, அம்சமாகக் கட்டியிருந்தது.

"யாரு கட்டினது இது?"

"பூனை," என்றாள் மனைவி, அவருடைய நாற்காலியை இழுத்துப் போட்டபடி.